ஒருமுறை ஸ்கோப்பும் கழுவிப் பயன்படுத்தும் ஸ்கோப்பும்: மதுரை எண்டோஸ்கோபி பிரிவிலிருந்து ஒரு மதிப்பீடு

மதுரையில் நடுத்தர அளவுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் எண்டோஸ்கோபி பிரிவின் பொறுப்புச் செவிலியராக வேலை பார்க்கிறேன். ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தியதும் கழிவில் சேர்த்துவிட வேண்டிய இரைப்பை எண்டோஸ்கோப் (வாய் வழியாக விட்டு இரைப்பையைப் பார்க்கும் கேமராக் குழாய்) ஒன்று எங்கள் பிரிவுக்குச் சோதனைக்காக வந்தது. இத்தனை ஆண்டுகளாக நாங்கள் கழுவிக் கழுவிப் பயன்படுத்திவரும் ஸ்கோப்போடு அதை ஒப்பிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று எழுதித் தரும்படி நிர்வாகம் கேட்டது. அவர்களுக்குக் கொடுத்த குறிப்பை விரித்து இங்கே எழுதுகிறேன். மற்ற மருத்துவமனைகளில் இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கும், ‘ட்யூப் விட்டுப் பார்க்க வேண்டும்’ என்று டாக்டர் சொல்லித் தேதி குறித்துக்கொண்டு போனவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன். சோதனைக்குக் கொடுத்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் கண்ட நிறைகுறைகளில் பெரும்பாலானவை இந்த வகைக் கருவிக்கே பொதுவானவை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்காரும் நோயாளிகளுக்கு, முறையாகக் கழுவி முறையாக உலர்த்திய பழைய வகை ஸ்கோப்பே சிறந்தது. ஒருமுறை ஸ்கோப்புக்கு உரிய இடம் இரவு நேரத்து ஐ.சி.யூ. படுக்கையோரம். தொற்றுப் பயம் நீங்கும் என்ற ஒரே காரணத்துக்காக எல்லா நோயாளிக்கும் அதை வாங்க நினைக்கும் மருத்துவமனை, அந்தப் பணத்தில் ஒரு பங்கைத் தன் கழுவும் அறைக்குச் செலவழித்தாலே நோயாளிக்கு அதிக நன்மை கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

கருவியைப் பற்றி முதலில். உறையைக் கிழித்து எடுத்தால், கைப்பிடி முதல் நுனி வரை கிருமியற்ற நிலையில் ஸ்கோப் வெளியே வருகிறது. உள்ளே செல்லும் குழாயின் நீளமும் பருமனும் ஏறத்தாழ நம் வழக்கமான இரைப்பை ஸ்கோப்பைப் போலவே இருக்கின்றன. பயாப்ஸிக்காகச் சதைத் துணுக்கை எடுக்கும் இடுக்கியை விடுவதற்கான சேனலும், அதாவது குழாய்க்குள் ஓடும் துளையும், அதே 2.8 மில்லிமீட்டர். நுனியிலேயே சிறிய கேமராவும் எல்.இ.டி. விளக்கும் இருப்பதால், சக்கரம் வைத்த அலமாரி போன்ற பெரிய டவரும் தனி ஒளிமூலமும் தேவைப்படுவதில்லை. ஒரு கையில் எடுத்துச் செல்லக்கூடிய மானிட்டரில் வயரைச் செருகினால் படம் வந்துவிடுகிறது. உறிஞ்சுவதற்குச் சுவரில் உள்ள சக்‌ஷன் இணைப்பும், லென்ஸ் கழுவத் தண்ணீர் பாட்டிலும் மட்டும் வழக்கம்போல் வேண்டும். உறையைத் திறந்ததிலிருந்து நோயாளியின் வாயருகே கொண்டுபோகும் வரை சில நிமிடங்களே ஆகின்றன. பழைய ஸ்கோப்பில் அந்த வேகத்தை எதிர்பார்க்கவே முடியாது.

எங்கள் டாக்டர் கைப்பிடியைப் பிடித்ததும் சொன்ன முதல் வார்த்தை, எடையே தெரியவில்லை என்பதுதான். நாள் முழுவதும் இடது கையில் ஸ்கோப்பைத் தாங்கி நிற்பவர்களுக்குப் பெருவிரலிலும் மணிக்கட்டிலும் வரும் வலியை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன் என்பதால், இதை ஒரு பெரிய நன்மையாகவே குறித்துக்கொண்டேன். ஆனால் அதே இலகுவான பிளாஸ்டிக், திருப்பும்போது வேறு விதமாக நடந்துகொள்கிறது. பழைய ஸ்கோப்பில் கைப்பிடியைச் சற்றே திருப்பினால் நுனி அதே அளவு திரும்பும். இதில் கை திரும்பியும் நுனி ஒரு நொடி தயங்கி, பிறகு கொஞ்சம் அதிகமாகவே திரும்பிவிடுகிறது. இரைப்பையின் மேற்பகுதியைப் பார்ப்பதற்காக ஸ்கோப்பை உள்ளேயே பின்னோக்கி வளைத்து வைத்துச் சுற்றிப் பார்க்கும் கட்டத்தில் இந்தத் தயக்கம் நன்றாகத் தெரிந்தது. கை பழகினால் சரியாகிவிடும் அளவுக்குத்தான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

படத்தின் தரத்தில் அப்படிச் சொல்ல முடியாது. அல்சர் இருக்கிறதா, ரத்தம் எங்கிருந்து வருகிறது, உணவுக்குழாயில் ரத்த நாளம் புடைத்திருக்கிறதா என்பவையெல்லாம் இந்த மானிட்டரில் தெளிவாகவே தெரிந்தன. ஆனால் இரைப்பைச் சுவரில் சற்றே வெளிறியோ சிவந்தோ, மேடு பள்ளம் இல்லாமல் கிடக்கும் ஒரு திட்டைக் கண்டுபிடிப்பது வேறு வகையான வேலை. அதற்காகத்தான் நல்ல மறுபயன்பாட்டு ஸ்கோப்புகளில் உயர்தெளிவுப் படத்தோடு, 415, 540 நானோமீட்டர் அலைநீளங்களுக்கு ஒளியைக் குறுக்கி ரத்த நாளங்களின் அமைப்பை எடுப்பாகக் காட்டும் என்.பி.ஐ. போன்ற வசதிகளை வைத்திருக்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தியதும் திரை பச்சையும் பழுப்புமாக மாறும். அதுவரை சாதாரணமாகத் தோன்றிய இடத்தில் நாளங்களின் வரிசை கலைந்திருப்பது தெரியும். அங்கே பயாப்ஸி எடுப்பார்கள். சோதனைக்கு வந்த ஸ்கோப்பில் இந்த வசதி இல்லை. வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் இரைப்பைப் புற்றுநோய் அதிகம் என்பதும், நம்மிடம் வருகிறவர்களில் பலர் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள் என்பதும் இந்தத் துறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். ஐம்பது வயதைத் தாண்டியவர் ஒருவர் பசியின்மை, எடை குறைவு என்று சொல்லி வரும்போது, அவருக்கு மங்கலான படம் போதும் என்று முடிவெடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, நோயைக் கண்டறிவதற்கான சாதாரண எண்டோஸ்கோபிக்கு ஒருமுறை ஸ்கோப்பை நான் பரிந்துரைக்கவில்லை.

அடுத்து, இந்தக் கருவியை விற்பவர்கள் அதிகம் பேசும் விஷயமான தொற்று. எங்களுக்குக் காட்டிய விளக்கப் படங்களில் பாதிக்கு மேல், அமெரிக்க மருத்துவமனைகளில் எண்டோஸ்கோப் வழியாகப் பரவிய கொடிய கிருமிகளைப் பற்றியவை. அவை உண்மைதான். 2015-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையில், கார்பபெனெம் என்னும் மிக வீரியமான ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கும் அடங்காத கிருமி ஸ்கோப் வழியாகப் பரவி 7 பேருக்குத் தொற்று ஏற்பட்டு, அவர்களில் 2 பேர் இறந்தார்கள். ஆனால் அது இரைப்பையைப் பார்க்கும் ஸ்கோப் அல்ல. பித்தநாளக் கல்லை எடுக்கும் ஈ.ஆர்.சி.பி. சிகிச்சைக்கான டியோடினோஸ்கோப். அதன் நுனியில் கருவிகளைத் தூக்கிக் கொடுக்கும் சிறிய நெம்புகோல் ஒன்று உண்டு. அதன் பின்புற இடுக்கில் எவ்வளவு பிரஷ் போட்டாலும் அழுக்கு தங்கிவிடுகிறது என்பதுதான் அங்கே கண்டறியப்பட்ட குறை. அதனால்தான் நுனி மூடியை மட்டுமாவது கழற்றி எறியும் வகைக்கு மாறுங்கள் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 ஆகஸ்டில் மருத்துவமனைகளுக்குச் சொன்னது. முழுவதும் தூக்கி எறியும் டியோடினோஸ்கோப்பான பாஸ்டன் சயின்டிஃபிக் நிறுவனத்தின் எக்ஸால்ட் மாடல் டி அதே ஆண்டு டிசம்பரில் அனுமதி பெற்றது. இரைப்பைக்கான ஒருமுறை ஸ்கோப் அதற்குப் பின்னர்தான் வந்தது. டென்மார்க்கின் ஆம்பு நிறுவனத்தின் ஏஸ்கோப் காஸ்ட்ரோ 2022-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. இப்போது சீன நிறுவனங்களும் இவ்வகைக் கருவிகளைச் செய்கின்றன. நம் இரைப்பை ஸ்கோப்பில் அந்த நெம்புகோல் கிடையாது. ஈ.ஆர்.சி.பி. ஸ்கோப்பின் ஆபத்தைக் காட்டி இரைப்பை ஸ்கோப்பை விற்பது நியாயமில்லை என்று விற்பனைப் பிரதிநிதியிடமே சொன்னேன். ஈ.ஆர்.சி.பி. அதிகம் செய்யும் மருத்துவமனைகளுக்கு இதே கேள்விக்கு வேறு பதில் இருக்கலாம்; அதை அவர்கள் தனியாக ஆராய வேண்டும்.

அதற்காக இரைப்பை ஸ்கோப்பில் தொற்று ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. எண்டோஸ்கோபியால் கிருமி பரவுவது 18 லட்சம் பேரில் ஒருவருக்கு என்ற 1993-ஆம் ஆண்டின் கணக்கு ஒன்று இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அது கண்டுபிடித்துப் பதிவானவற்றை மட்டும் எண்ணிய கணக்கு, உண்மை நிலை அதைவிட மோசம் என்று வல்லுநர்களே சொல்லிவிட்டார்கள். இரைப்பையில் புண் உண்டாக்கும் எச். பைலோரியும் வேறு சில கிருமிகளும் சரியாகக் கழுவாத ஸ்கோப் வழியாகப் பரவியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பரமக்குடியிலிருந்து அப்பாவை அழைத்து வந்திருந்த ஒரு பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சிஸ்டர், முந்தி ஒருத்தருக்கு விட்டதையேதான் எங்கப்பாவுக்கும் விடுவீங்களா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தப்பாக நினைத்துக்கொள்வேனோ என்ற பயம் அவர் முகத்தில் இருந்தது. அது தப்பான கேள்வியே இல்லை. எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி. ஆமாம் அம்மா, அதையேதான் விடுவோம், ஆனால் நடுவில் என்ன செய்கிறோம் என்று வந்து பாருங்கள் என்று சொல்லி, கழுவும் அறையின் கண்ணாடிக் கதவருகே அவரை நிற்க வைத்துக் காட்டினேன்.

அவர் பார்த்ததை இங்கே எழுதுவது அவசியம், ஏனென்றால் இரண்டு வகை ஸ்கோப்புக்கும் நடுவிலான உண்மையான வித்தியாசம் அந்த அறைக்குள்தான் இருக்கிறது. நோயாளியின் வாயிலிருந்து ஸ்கோப் வெளியே வந்த உடனேயே, படுக்கையோரத்திலேயே, என்சைம் கரைசலில் நனைத்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, அதே கரைசலைச் சேனல் வழியாக உறிஞ்சவிட வேண்டும். சளியும் ரத்தமும் உள்ளே காய்ந்துவிட்டால், பிறகு எதைப் போட்டாலும் முழுவதும் போகாது. அடுத்தது லீக் டெஸ்ட்: ஸ்கோப்புக்குள் காற்றை ஏற்றித் தண்ணீரில் அமிழ்த்தி, நுனியை நான்கு பக்கமும் வளைத்துப் பார்க்க வேண்டும். வளையும் பகுதியின் ரப்பரில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அங்கிருந்து பொட்டுப் பொட்டாகக் குமிழி வரும். நோயாளி பல்லுக்கு நடுவே வைக்கும் மவுத் பீஸைத் துப்பிவிட்டுப் பல்லால் கடித்திருந்தால் பெரும்பாலும் இங்கேதான் அது தெரியவரும். அதைக் கவனிக்காமல் கிருமிநாசினியில் போட்டால், உள்ளே தண்ணீர் இறங்கி, பழுதுபார்க்கும் செலவு லட்சத்தில் போய் நிற்கும்.

பிறகுதான் கையால் கழுவும் வேலை தொடங்குகிறது. வால்வுகளையெல்லாம் கழற்றிவிட்டு, நீளமான பிரஷ்ஷைப் பயாப்ஸி சேனலின் வாயில் நுழைத்து, மறுமுனையில் முடி வெளியே தெரியும்வரை தள்ள வேண்டும். வெளியே வந்த முடியைக் கரைசலுக்குள்ளேயே விரலால் அலசிவிட்டுத்தான் திரும்ப இழுக்க வேண்டும். அலசாமல் இழுத்தால் அழுக்கு வந்த வழியே உள்ளே போய்விடும். முடியில் எதுவும் ஒட்டாமல் வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சக்‌ஷன் சேனலுக்கும் இதே வேலை தனியாக உண்டு. இந்தப் பிரஷ் வேலை எவ்வளவு நன்றாக நடந்தது என்பதை எந்த இயந்திரமும் சொல்லாது, செய்தவருக்கு மட்டுமே தெரியும். அதன் பிறகு அலசி, கிருமிநாசினியில் முழுவதும் மூழ்கவைத்து, ஒவ்வொரு சேனலிலும் ஊசிக்குழல் வைத்து அந்தத் திரவத்தை நிரப்ப வேண்டும். 2 சதவீத குளூட்டரால்டிஹைடு என்றால் 20 நிமிடம், 0.55 சதவீத ஓ.பி.ஏ. என்ற இன்னொரு கிருமிநாசினி என்றால் அதைவிடக் குறைவு. கரைசலின் வீரியம் குறைந்துவிட்டதா என்று சோதனைப் பட்டையை நனைத்து நிறம் பார்க்க வேண்டும். கேனில் எழுதியிருக்கும் 14 நாள் என்ற கெடு வரை பொறுத்திருக்காமல், பட்டை தேறவில்லையென்றால் அன்றே கொட்டிவிட வேண்டும். கடைசியாக நல்ல தண்ணீரில் அலசி, ஆல்கஹாலைச் செலுத்தி, காற்றடித்து உலர்த்தி, வளைக்காமல் நேராகத் தொங்கவிட வேண்டும்.

அந்தக் கடைசி அலசலுக்கான தண்ணீர் மதுரையில் தனிப் பிரச்சினை. போர்வெல் தண்ணீரின் உப்பு, பாத்திரத்தின் அடியில் படிவதுபோலவே ஸ்கோப்பின் லென்ஸிலும், தானியங்கிக் கழுவும் இயந்திரத்தின் குழாய்களிலும் வெள்ளையாகப் படிகிறது. படிவு இருக்கும் இடத்தில் கிருமி ஒட்டிக்கொள்வது எளிது. ஆர்.ஓ. தண்ணீரையும் கிருமி வடிகட்டியையும் கழுவும் அறைக்கென்று ஒதுக்கித் தர நிர்வாகத்தைச் சம்மதிக்க வைப்பதற்கு நான் பேசியது கொஞ்சமல்ல.

எல்லாவற்றிலும் அதிகமாகக் கைவிடப்படுவது உலர்த்தும் வேலைதான். சேனலுக்குள் குறைந்தது 10 நிமிடமாவது காற்றுச் செலுத்த வேண்டும் என்பது இன்றைய அமெரிக்க வழிகாட்டுதல். உள்ளே ஈரம் இருந்தால், கிருமிநீக்கத்தில் தப்பிய சில கிருமிகள் ஓர் இரவில் பெருகிப் பயோஃபிலிம் என்னும் வழவழப்பான படலமாகச் சுவரோடு ஒட்டிவிடும். மறுநாள் காலையில் முதலில் வரும் நோயாளிக்கு அந்த ஸ்கோப்தான் போகும். ஆனாலும், அடுத்த நோயாளி மேசையில் படுத்துவிட்டார், தொண்டைக்கு மரத்துப்போகும் ஸ்ப்ரேயும் அடித்தாகிவிட்டது, ஸ்கோப் எங்கே என்று குரல் வரும்போது, முதலில் வெட்டுப்படுவது இந்தப் பத்து நிமிடம்தான்.

இங்கேதான் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நோயாளிக்குப் பத்து நிமிடம், கழுவி உலர்த்த ஐம்பது நிமிடம் என்றால், ஒரு ஸ்கோப் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நோயாளிக்குத்தான் தயாராகும். இரண்டு ஸ்கோப் வைத்திருக்கும் மருத்துவமனை காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை எட்டுப் பேரைப் பார்க்கலாம், மிஞ்சினால் பத்துப் பேர். அதே நேரத்தில், அதே இரண்டு ஸ்கோப்பில் இருபது பேரைப் பார்த்து முடிக்கிறார்கள் என்றால், நான் மேலே எழுதியவற்றில் ஏதோ ஒன்று நடக்கவில்லை என்றுதான் பொருள். எத்தனை திறமையான ஆள் கழுவினாலும் நேரத்தை உண்டாக்க முடியாது. எனவே உங்கள் ஊரில் எண்டோஸ்கோபிக்குப் போகும்போது ஸ்கோப் எந்தக் கம்பெனி என்று கேட்பதைவிட, உங்களிடம் எத்தனை ஸ்கோப் இருக்கிறது, இன்றைக்கு எத்தனை பேருக்குப் பார்க்கிறீர்கள், கழுவுவதற்கென்று தனியாக ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள்.

கழுவுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளூட்டரால்டிஹைடின் நெடி கண்ணிலும் மூச்சிலும் எரிச்சலை உண்டாக்கும். நாள்பட அதோடு வேலை செய்பவர்களுக்கு ஆஸ்துமா வருவதுண்டு. சித்திரை வெயிலில், புகைபோக்கி விசிறி இல்லாத சிறிய அறையில், கையுறையும் ஏப்ரனும் முகக் கவசமும் போட்டுக்கொண்டு நிற்பவருக்கு, பல மருத்துவமனைகளில் மிகக் குறைந்த சம்பளமும் பயிற்சியே இல்லாத நிலையும்தான் கிடைக்கின்றன. ஒருமுறை ஸ்கோப் இந்தப் பாரத்தை முழுவதுமாக இறக்கிவைக்கிறது என்பதை மறுக்க முடியாது. சோதனை நடந்த நாட்களில் அதைப் பயன்படுத்திய ஒவ்வொரு முறையும், கழுவும் அறையில் இருந்த எங்கள் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாயிற்று.

ஒருமுறை ஸ்கோப்பின் மதிப்பு முழுவதும் எனக்கு விளங்கியது ஐ.சி.யூ.வில்தான். கல்லீரல் சுருங்கிப்போன நோயாளி ஒருவர், உணவுக்குழாயில் புடைத்த நாளம் வெடித்து ரத்தமாக வாந்தி எடுத்துக்கொண்டு, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து 108 ஆம்புலன்ஸில் இரவில் வந்து சேர்கிறார் என்று வையுங்கள். இந்த ஊரில் இது அரிய காட்சி அல்ல. பழைய முறையில் டவரை எண்டோஸ்கோபி அறையிலிருந்து உருட்டி, லிஃப்ட்டில் ஏற்றி, வென்டிலேட்டருக்கும் மருந்து பம்புகளுக்கும் இடையில் நுழைத்து, வயர்களை மாட்டி நிமிர்வதற்குள் நேரம் ஓடிவிடும். எல்லாம் முடிந்த பிறகு, ரத்தம் தோய்ந்த ஸ்கோப்பைக் கழுவ அந்த நேரத்தில் பயிற்சி பெற்ற ஆள் இருக்க மாட்டார். காலையில் வந்து கழுவிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டால், உள்ளே ரத்தம் உறைந்து கல்லாகிவிடும். கையால் கழுவும் வேலையை ஒரு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்ற விதி அதிகம் மீறப்படுவது இப்படிப்பட்ட இரவுகளில்தான். ஒருமுறை ஸ்கோப்பில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. சோதனையின்போது எங்கள் ஆட்கள் மானிட்டரைக் கட்டிலின் தலைமாட்டில் மாட்டி, உறையைக் கிழித்து, உடனே உள்ளே போய்விட்டார்கள். முடிந்ததும் பையில் போட்டுக் கட்டினார்கள்.

அங்கேயே ஒரு குறையையும் பார்த்தேன். இரைப்பையில் உறைந்த ரத்தக்கட்டி அதிகம் இருந்தபோது, 2.8 மில்லிமீட்டர் சேனல் அடிக்கடி அடைத்துக்கொண்டது. ஊசிக்குழலில் தண்ணீரை அழுத்தி அடைப்பைத் தள்ள வேண்டியதாயிற்று. டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த அந்த நேரம் எங்கள் எல்லாருக்கும் நீளமாகவே தெரிந்தது. பழைய வகையில் சிகிச்சைக்கென்றே 3.7, 3.8 மில்லிமீட்டர் சேனல் உள்ள ஸ்கோப்புகள் உண்டு. பெரிய ரத்தக்கசிவுக்கு அவைதான் பொருத்தம். வாங்க நினைப்பவர்கள் பெரிய சேனல் உள்ள ஒருமுறை ஸ்கோப் கிடைக்கிறதா என்று கேளுங்கள். நாளத்தைக் கட்டும் பேண்ட் செட், கிளிப், ஊசி ஆகியவை அதன் நுனிக்கும் சேனலுக்கும் சரியாகப் பொருந்துகின்றனவா என்பதை நோயாளி இல்லாத நேரத்தில் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

விலைக்கு வருகிறேன். ஒரு மறுபயன்பாட்டு ஸ்கோப் 15 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 5 பேர், ஆண்டுக்கு 300 நாள், 5 ஆண்டு உழைத்தால் 7,500 பேர். தலைக்கு 200 ரூபாய். பராமரிப்பு ஒப்பந்தம், பழுது, ரசாயனம், கழுவுகிறவரின் சம்பளம் எல்லாம் சேர்த்து அது இரண்டு மூன்று மடங்கானாலும், நூற்றுக்கணக்கில்தான் நிற்கும். எங்களுக்குச் சொல்லப்பட்ட ஒருமுறை ஸ்கோப்பின் விலையோ, எங்கள் மருத்துவமனையில் ஒரு சாதாரண எண்டோஸ்கோபிக்கு நோயாளி கட்டும் மொத்தக் கட்டணத்தைப்போலப் பல மடங்கு. அதை யார் கொடுப்பது? காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறவருக்கு அந்தத் தொகை தனியாகக் கிடைக்காது. கையிலிருந்து கட்டுகிறவர் ராமநாதபுரத்துச் சம்சாரியாகவோ சிவகாசித் தீப்பெட்டித் தொழிலாளியாகவோ இருக்கலாம். வாரத்துக்கு இரண்டு பேருக்கு மட்டும் எண்டோஸ்கோபி செய்யும் சிறு ஊர் மருத்துவமனையில் கணக்கு மாறும். ஆண்டுக்கு நூறு பேர் என்றால், அதே 15 லட்சம் ஸ்கோப் ஐந்து ஆண்டில் தலைக்கு 3,000 ரூபாய் ஆகிவிடுகிறது. அங்கே இரண்டு வகைக்குமான தூரம் குறைகிறது. அப்படிப்பட்ட மருத்துவமனைகள் ஒரு பெட்டி ஒருமுறை ஸ்கோப் வைத்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது.

கழிவு பற்றி விற்பனைத் தரப்பு அதிகம் பேசவில்லை. நான் விடாமல் கேட்டேன். 2016-ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி, நோயாளியைத் தொட்ட பிளாஸ்டிக் குழாய்கள் சிவப்புப் பையில் போக வேண்டும். ஆனால் இந்தக் குழாய்க்குள் கேமராவும் விளக்கும் மின்பலகையும் இருக்கின்றன, அவை மின்கழிவு. கைப்பிடியை வெட்டிப் பிரிக்கலாம் என்றால், ரத்தம் பட்ட பொருளை யார் வெட்டுவது என்ற கேள்வி வருகிறது. எங்கள் கழிவை எடுத்துச் செல்பவரிடம் கேட்டபோது அவரிடமும் தெளிவான பதில் இல்லை. அமெரிக்காவில் இரண்டு மருத்துவமனைகளில் எடைபோட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், ஒவ்வொரு எண்டோஸ்கோபிக்கும் ஏற்கெனவே 2.1 கிலோ கழிவு சேர்வதும், எல்லாவற்றையும் ஒருமுறை ஸ்கோப்புக்கு மாற்றினால், கழுவும் செலவில் மிச்சமாவதைக் கழித்த பிறகும், அது 40 சதவீதம் கூடும் என்பதும் தெரியவந்தன. 2024-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு, இரைப்பை ஸ்கோப்பையே நேரடியாக ஒப்பிட்டது: ஒரு பயன்பாட்டுக்கு ஒருமுறை ஸ்கோப் 10.9 கிலோ கரியமில வாயுவுக்கு நிகரான பாதிப்பையும், கழுவிப் பயன்படுத்துவது 4.7 கிலோவையும் உண்டாக்குகின்றன. கழுவுவதற்குத் தண்ணீரும் ரசாயனமும் செலவாகிறதே என்பது நியாயமான வாதம்தான். அவற்றையும் கணக்கில் சேர்த்த பிறகு வந்த எண்கள் இவை.

நம் ஊர்ச் சூழலில் எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருவது வேறொன்று. ஒருமுறை மட்டும் என்று உறையில் அச்சிட்ட பயாப்ஸி இடுக்கிகளும் வேறு துணைக்கருவிகளும் இந்தியாவில் கழுவித் திரும்பப் பயன்படுத்தப்படுவது ஊரறிந்த விஷயம். பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஸ்கோப்பைப் பத்தே நிமிடப் பயன்பாட்டுக்குப் பின் குப்பையில் போட மனம் வருமா? கிருமிநாசினியில் ஒருமுறை முக்கி இன்னொருவருக்கும் பயன்படுத்திவிடலாம் என்ற எண்ணம் எங்கேனும் ஒரு மருத்துவமனையில் எழத்தான் செய்யும். அப்படிச் செய்தால் அது எல்லா வகையிலும் மோசமான ஸ்கோப். லீக் டெஸ்ட்டுக்கும் பிரஷ் போடுவதற்கும் ஊறவைப்பதற்கும் தாங்கும்படி அது செய்யப்படவில்லை; கழுவியது சுத்தமானதா என்று பார்க்க எந்த வழிமுறையும் அதற்குக் கிடையாது. சோதனைக் காலத்தில் நான் வைத்த விதி, நோயாளியின் படுக்கையோரத்திலேயே, அறையில் இருப்பவர்கள் பார்க்க, மானிட்டரில் செருகும் வயரை வெட்டிவிட்டுப் பிறகுதான் பையில் போட வேண்டும் என்பது. தொடர் எண்ணை நோயாளியின் கோப்பில் ஒட்டவும் சொன்னேன். யார் வாங்கினாலும் இந்த இரண்டையும் கட்டாயமாக்க வேண்டும்.

நிர்வாகத்துக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். இரவு நேர ரத்தக்கசிவுக்கும், இடம்மாற்ற முடியாத ஐ.சி.யூ. நோயாளிக்கும், மருந்துக்கு அடங்காத கிருமி இருப்பதாக ஏற்கெனவே தெரிந்த நோயாளிக்கும் மட்டும் ஒருமுறை ஸ்கோப் சில எண்ணிக்கையில் வாங்கி வைக்கலாம். பகல் நேர வேலைக்கு மூன்றாவதாக ஒரு மறுபயன்பாட்டு ஸ்கோப், காற்றுச் செலுத்தி உலர்த்தும் அலமாரி, கழுவும் அறைக்குப் புகைபோக்கி விசிறி, அங்கே வேலை செய்ய இன்னும் ஓர் ஆளும் அவருக்கு முறையான பயிற்சியும் வேண்டும். ஸ்கோப்பும் அலமாரியும் விசிறியும் தர ஒப்புக்கொண்டார்கள். ஆள் போடுவதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த ஆள் வராவிட்டால் மற்ற மூன்றினாலும் பாதிப் பலன்தான் கிடைக்கும் என்று மறுபடியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஒருமுறை ஸ்கோப்பை வாங்கி வைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பெட்டி நீளமானது, மடக்கித் திணிக்காமல் வைக்க ஐ.சி.யூ. அலமாரியில் தனித் தட்டு ஒதுக்குங்கள். உறையின் மேல் காலாவதித் தேதி உண்டு; அவசரத்துக்கு மட்டும் எடுக்கும் பொருள் என்பதால் அதை யாரும் பார்க்காமலே விட்டுவிடுவார்கள், ஆகவே மாதம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்திட ஒருவரை நியமியுங்கள். மானிட்டரின் பேட்டரியை இரவுப் பணிக்கு வரும் சிஸ்டர் பொறுப்பேற்கும்போதே சரிபார்க்க வேண்டும். மின்சாரம் போன நேரத்தில் அதுவும் அணைந்து கிடந்தால், உறைக்குள் எத்தனை சுத்தமான ஸ்கோப் இருந்தும் நோயாளிக்கு உதவாது.